மூலையில் விட்ட வெற்றுச் சீட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் நேராக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முன்னறையில் நாற்காலி போதவில்லை. பவுடர் வாசனையும் ஈரக் குடைகளின் வாசனையும் மேசைமேல் குவிந்திருந்த திராட்சையின் வாசனையும் கலந்து அறையில் காற்று கனத்திருந்தது. விழுங்கவே சிரமப்படுகிறவனைப் பார்க்க வருகிறவர்கள் ஏன் திராட்சை வாங்கி வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சல். வெறுங்கையோடு வந்திருந்தாலும் குறை சொல்லியிருப்பேன். என் சுபாவம் அப்படி.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி அண்ணனைச் சாய்த்து வைத்திருந்தோம். அவன் முகத்துக்கு நேரே நான் ஒரு கண்ணாடித்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைனியின் பட்டுச்சேலை வந்த பெட்டியின் மேல்மூடி அது. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி மைனி. மூடியை மட்டும் கத்தரித்து எடுத்து, அதன் ஓரங்களில் செல்லோடேப்பால் சின்னச் சின்னச் சீட்டுகளை ஒட்டியிருந்தேன். சுகம். வலி. தண்ணி. திருப்பிப் படுக்க வை. நடுவில் ஒன்றும் கிடையாது, எதிரே இருப்பவரின் முகம் தெரிய வேண்டும். அவன் கண் எந்த ஓரத்துக்குப் போகிறது என்பதைத் தாளுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சபை மூப்பர் கட்டில் பக்கம் குனிந்தார்.

"ஸ்டீபா, சுகமாட்டு இருக்கியா மக்கா?"

அண்ணனின் கண் மெல்ல நகர்ந்து மேல் ஓரத்துக்குப் போய் நின்றது.

"சுகம்னு சொல்லுதான்" என்றேன்.

அறை முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "கொள்ளாம் ஷீபா, நல்ல காரியம் செஞ்ச" என்று மூப்பர் என் தலையில் கை வைத்தார். வாயடைத்துப் போய் இரண்டு மாதம் கிடந்த மனிதன் முதல் வார்த்தை பேசிவிட்டான். அன்று நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

படம் வரைகிற வேலை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் குழித்துறை ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: தினமும் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் அப்படி என்னதான் வேலை பார்க்கிறீர்கள்? எங்கள் அம்மா கடைசிவரை அதற்கு வைத்திருந்த பதில், "கம்ப்யூட்டர்ல படம் வரையுதா" என்பதுதான். சொந்தக்காரர்கள் முகத்தில் ஓடும் பரிதாபத்தைப் பார்த்து நானும் திருத்த முயன்றதில்லை.

உண்மையில் என் வேலை, மனிதர்கள் கையாளப் போகிற ஒரு பொருளை அது உருவாகும் முன்பே பொய்யாகச் செய்து காட்டுவது. போனில் பணம் அனுப்பும் திரை என்றால், முதலில் அதைத் தாளில் வரைவேன். ஒருவர் அதில் விரலை வைத்தால் அடுத்த தாளை நான் கையால் மாற்றி வைப்பேன். எங்கே தடுமாறுகிறார், எங்கே முகம் சுளிக்கிறார் என்று பார்ப்பேன். தாள் என்றால் கிழித்துப் போடலாம்.

எங்கள் அண்ணன் மஸ்கட்டில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு வந்து புதுக்கடை என்கிற ஊரில் குடியிருந்து வயரிங் வேலை எடுத்துச் செய்தான். புது வீட்டில் பூச்சு வேலைக்கு முன்னால் சாக்பீஸால் சுவரில் கட்டம் கட்டமாக வரைவான். வீட்டுக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, "கண்ண மூடிட்டு லைட்டப் போடுங்க பாப்போம்" என்பான். கை எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் சுவிட்ச். அப்படியும் ஒரு வீட்டில் கதவு திறந்தால் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த வீட்டம்மா செத்தாலும் மறக்க மாட்டேன் என்று அவனைக் கடைத்தெருவில் வைத்துத் திட்டினாள்.

"சாக்பீஸுன்னா எல்லாரும் சண்டைக்கு வருவாவ ஏட்டி. சுவிட்ச வச்சாச்சின்னா கொள்ளாம்னு சொல்லிட்டுப் போயிருவாவ" என்பான் என்னிடம். என் அலுவலகத்தில் இதையே படம் போட்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இதை அவனிடம் நான் சொன்னதில்லை, சொன்னால் ஆயுசுக்கும் விடமாட்டான்.

கட்டை விரலில் தொடங்கியது

முதலில் வலது கட்டை விரல் ஸ்க்ரூடிரைவரைத் திருப்ப மறுத்தது. பிறகு நாக்கு குழறியது. குடித்திருக்கிறான் என்று கடைத்தெருவில் பேசினார்கள். வாழ்நாளில் தொடாதவன். திருவனந்தபுரத்தில் நரம்பு டாக்டரம்மா மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டே நோயின் பெயரைச் சொன்னார். தசை ஒவ்வொன்றாக ஓயும், அறிவு அப்படியே இருக்கும், கண் அசைவு கடைசிவரை இருக்கலாம்.

விழுங்குவதும் ஓயும் என்றார். அதற்கு முன்னால் வயிற்றில் சிறிய துளை போட்டு ஒரு குழாய் வைத்துவிட்டால் கஞ்சியும் மருந்தும் நேரே உள்ளே போகும். உடம்பு ரொம்பத் தளர்ந்த பிறகு அதைச் செய்வது ஆபத்து. "ஆனால் அது அவர் முடிவாக இருக்க வேண்டும். உங்கள் முடிவு எனக்கு வேண்டாம். அவர் சொல்ல ஒரு வழி செய்துகொண்டு வாருங்கள்" என்றார்.

அந்த வழிதான் இந்தக் கண்ணாடித்தாள்.

மைனிக்கு ஆபரேஷன் என்ற சொல்லே ஆகாது. அவளுடைய அப்பா தியேட்டருக்குள் நடந்து போனவர், துணி மூடித்தான் வெளியே வந்தார். அண்ணனுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

யாருக்கு என்ன காட்டுவது

ஒரே விஷயத்தை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்து காட்டினேன்.

அலுவலகத்துக்குப் பளபளப்பாக ஒன்று. கண் போகும் இடத்தைக் கண்டுபிடித்துக் குரல் கொடுக்கும் கருவி கம்பெனியிடம் இருந்தது. அதை இரவல் வாங்க வேண்டுமானால் மேலாளருக்குப் பிடிக்க வேண்டும். நீல நிறத்தில், வட்ட முனைகளோடு, அழகான எழுத்தில் திரைகளை வரைந்துகொண்டு போனேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, குரல் ஆணுடையதா பெண்ணுடையதா என்று கேட்டார். யார் பேசப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. முடிந்துபோன பொருளாகத் தெரிகிற எதைக் காட்டினாலும் மக்கள் அதன் சட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

டாக்டரம்மாவுக்கு உடம்பின் படம் போட்ட தாள். எங்கே வலி, எவ்வளவு வலி. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

மைனிக்குப் பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் கிறுக்கிய சீட்டுகள். அவள்தான் என்னோடு நியாயமாகச் சண்டை போட்டவள். 'தேநீர் வேண்டும்' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'கட்டன்' என்று எழுதினாள். பால் சேர்க்காத அந்தத் தேயிலைத் தண்ணீரை அவன் வேறு எந்தப் பெயரிலும் கேட்டதில்லை. 'நன்றி' என்ற சீட்டைத் தூக்கிப் போட்டாள். "எனக்கு எதுக்கு நன்றி சொல்லணும்?" என்றாள்.

இதெல்லாம் அண்ணன் கட்டிலின் பக்கத்தில், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. கண்ணை மூடினால் ஆமாம், ஜன்னலைப் பார்த்தால் இல்லை என்று அவனோடு ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம்.

கடைசியாக நான் 'பயம்' என்று ஒரு சீட்டு எழுதி, தாளின் கீழ் வலது மூலையில் ஒட்டினேன். மைனியின் கை சட்டென்று வந்து அதை உரித்தது.

"இது எதுக்கு ஷீபா? சபையில இருந்து ஆளு வருவாவ. விசுவாசமுள்ள வீட்டுல பயம்னு எழுதி ஒட்டி வச்சா என்ன நெனைப்பாவ?"

"அவனுக்கு வேணும்னா, மைனி?"

"அவியளுக்குப் பயமெல்லாம் ஒண்ணும் கெடையாது."

சீட்டை நாலாகக் கிழித்து அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த இடத்தில் ஒன்றும் எழுதாத சீட்டு ஒன்றை ஒட்டினேன். எங்கள் வேலையில் அது வழக்கம். நமக்குத் தோன்றாத எதையாவது அவர்கள் சொல்ல வந்தால் ஓர் இடம் இருக்கட்டும் என்று ஒரு கட்டத்தைக் காலியாக விடுவோம்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்

தாள் ஊரில் பேர் வாங்கிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள், அண்ணன் எல்லோருக்கும் சொன்னான். சுகம். சுகம். சுகம். ஆஸ்பத்திரியில் மாணவர்களும் நர்சுகளும் எங்கள் சொந்தக்காரர்களும் சூழ்ந்து நிற்க டாக்டரம்மா கேட்டார். சுகம்.

மைனி அவர் எதிரிலேயே குனிந்து, "குழாயெல்லாம் இப்பம் வேண்டாமில்லா? இப்பிடியே போதுமில்லா?" என்று கேட்டாள். அண்ணன் கண்ணை மூடவும் இல்லை, ஜன்னலைப் பார்க்கவும் இல்லை. பார்வை மேல் ஓரத்துக்குப் போனது. சுகம்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். "சரி, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். ரொம்ப நாள் தள்ள முடியாது" என்றார்.

வீட்டில் மைனி மூன்று வேளையும் பொடியரிக் கஞ்சியை வடிகட்டி, தலையணையை நிமிர்த்தி, கரண்டி கரண்டியாகக் கோரிக் கொடுத்தாள். பாதி கஞ்சி மார்பில் வழியும். சில வேளை புரையேறி முகம் நீலம் பாரிக்கும். முதுகைத் தட்டி, துடைத்து, ஜெபம் சொல்லி, மறுபடி ஒரு கரண்டி. இவ்வளவு பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அவனோ கன்னம் ஒட்டி, சட்டை தோளிலிருந்து வழுகும் அளவுக்கு மெலிந்துகொண்டே போனான்.

சப்பாத்து மூழ்கிய நாள்

அந்த வாரம் மழை விடவே இல்லை. குழித்துறையில் ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலமான சப்பாத்தின் மேல் தண்ணீர் ஏறி ஓடியது. ரயில் தாமதம், பஸ் கிடையாது. நான் முந்தின நாளே அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். காலையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த முன்னறையை ஆளில்லாமல் நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. ஓட்டிலிருந்து முற்றத்தில் விழும் தண்ணீரின் சத்தம் மட்டும்.

பதினொரு மணிக் கஞ்சி ஸ்டூல் மேல் ஆறிக்கொண்டிருந்தது. மைனி பின்பக்கத் தாழ்வாரக் கொடியில் சாரலில் நனைந்த துணிகளை எடுக்கப் போயிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் நான் தாளை எடுத்தேன்.

"எப்பிடிண்ணே இருக்க?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பார்வை இறங்கிக் கீழ் வலது மூலைக்குப் போனது. காலிச் சீட்டு.

கண் சோர்ந்திருக்கும் என்று நினைத்தேன். தாளைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்து மறுபடி கேட்டேன். மறுபடி அதே மூலை. மேல் ஓரத்திலிருந்த 'சுகம்' பக்கம் அவன் திரும்பவே இல்லை.

தாளைப் பிடித்தபடி நின்றேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் ஊரில் ஒருவர் வீடு தேடி வந்து 'சுகந்தானே?' என்று கேட்டால் 'சுகம்' என்றுதான் சொல்ல வேண்டும். ஐசியூவில் கிடந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். கேட்டவரை வருத்தாமல் அனுப்புகிற மரியாதை அது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே 'சுகம், சாயா குடிச்சிட்டுப் போலாம்' என்று சொல்கிறவன் எங்கள் அண்ணன். இத்தனை நாளும் அவன் நோயாளியாகப் பதில் சொல்லவில்லை, வீட்டுக்காரனாக வந்தவர்களை உபசரித்துக்கொண்டிருந்தான். தாளைப் பயன்படுத்தியது அவன் மட்டும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அறையிலிருந்த அத்தனை பேரும் சேர்ந்துதான் அதைப் பயன்படுத்தினார்கள்.

மைனி ஈரத்துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்ணும் எழுதாத சீட்டையே பாக்குதான் மைனி. என்ன சொல்ல வாறான்னு தெரியல."

அவள் என் பின்னால் வந்து நின்று தாள் வழியாக அவனைப் பார்த்தாள். துணியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலில் விழுந்தது.

"அது எழுதாத சீட்டு இல்ல" என்றாள். "அங்க இருந்தத நான்தான் கிழிச்சேன். அவிய பாத்துட்டுதான கெடந்தாவ."

துணிகளை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"பயமாட்டு இருக்கா உங்களுக்கு?"

அண்ணன் கண்ணை மூடினான். மூடிய கண்ணின் ஓரத்தில் நீர் வழிந்தது.

"ஆபரேஷனுக்கா?"

ஜன்னலைப் பார்த்தான்.

"செத்துப் போவோம்னா?"

மூடவும் இல்லை, ஜன்னலைப் பார்க்கவும் இல்லை. அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் பார்வை அவளைத் தாண்டிப் போய் ஸ்டூல் மேல் நின்றது. நானும் திரும்பிப் பார்த்தேன். கிண்ணம், அதில் ஆடை படிந்த கஞ்சி, பக்கத்தில் கரண்டி.

"கஞ்சிக்கா அண்ணே?" என்றேன். "புரையேறி மூச்சு நின்னு போவும்னா?"

கண்ணை மூடினான்.

மைனி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"நான் ஒவ்வொரு தடவ கோரித் தரும்பமும் பயந்துட்டா குடிச்சிய?"

இந்தக் கேள்விக்கும் சுகம் என்று சொல்லிவிட அவனுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. தாள் என் கையில் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பார்க்க எந்தச் சீட்டும் இல்லை.

கண்ணை மூடினான்.

அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் குழாய் வைக்கட்டா..." என்று தொடங்கினாள். அவள் முடிக்கும் முன்பே அவன் மூடிவிட்டான்.

பிறகு

தண்ணீர் வடிந்ததும் ஆம்புலன்ஸ் பிடித்துப் போனோம். தியேட்டர் வாசலில் மைனி என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்து பல நாள் தழும்பாக இருந்தது. குழாய் வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. அந்தக் கரண்டியை அவள் பிறகு எடுக்கவே இல்லை.

கம்பெனியின் கருவியும் ஒருநாள் வந்தது. நல்ல ஆண்குரல். அண்ணன் அதைக் கொண்டு கிரிக்கெட் பேசினான், என்னைப் பழையபடி 'ஏட்டி' என்று எழுதிக் கூப்பிட்டான், வந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். ஆனால் அதில் பேசும்போது அவன் திரையைப் பார்க்க வேண்டும். தாளில் பேசும்போது நம் முகத்தைப் பார்ப்பான். ஏதாவது முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றால் ஜன்னல் ஆணியில் தொங்கும் தாளைப் பார்ப்பான். எடுத்துக்கொண்டு வருவோம்.

மூலைச் சீட்டை மைனியே தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை ஆட்கள் வருவதற்குச் சற்று முன்னால். மூப்பர் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பெலவீனமான வார்த்தையில்லா, கிரேஸ்?"

"உள்ளதத்தான் எழுதியிருக்கு" என்றாள் மைனி.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எதுக்குப் பயம் மக்கா?" என்று கேட்டார். அந்த அறையில் சுகமா என்பதற்கு அடுத்த கேள்வியை ஒரு விருந்தாளி கேட்டு நான் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டான். தூக்கத்தில், புரையேறாமல்.

அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு ஞாயிறு நான் புதுக்கடைக்குப் போனேன். முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள். மேசைமேல் திராட்சை. மைனி அண்ணன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"சுகந்தானே கிரேஸ்?"

"சுகம்" என்றாள். "சாயா குடிச்சிட்டுப் போலாம்."

எல்லோரும் போன பிறகு டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். ஜன்னல் ஆணியில் அந்தத் தாள் அப்படியே தொங்கியது. தூசியைத் துடைத்து உள்ளே எடுத்து வைக்கலாம் என்று கழற்றினேன். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் நிமிர்த்திப் பிடித்தபோது அது எனக்கும் மைனிக்கும் நடுவில் வந்தது. கைப்பழக்கத்தில் அதன் வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் கண் கீழ் வலது மூலையில் இருந்தது. அங்கேயே நின்றது.

நான் தாளைக் கட்டிலில் வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எதுக்குப் பயம் மைனி?" என்று கேட்டேன்.